கை தூக்கிய நிழல்

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடையின் மூடி உடைந்த ஐப்பசியில், நான்கு நாள் விடாமல் மழை பெய்து, தெருவும் வாசற்படியும் ஒரே தண்ணீராகி, எது பள்ளம் எது மேடு என்று தெரியாமல் கிடந்த ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலில், ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலையை முடித்து நடந்து வந்த பரிபூரணம், அந்தக் குழியின் ஓரத்தில் வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். ஒன்றரை மணி நேரம் நின்றாள். பிறகு வீட்டுக்குப் போனாள். அவள் நிழல் போகவில்லை.

குழி திறந்து கிடந்தால் யாராவது ஒரு வேப்பங்கொப்பை ஒடித்து அதில் செருகிவைப்பது எங்கள் ஊர் வழக்கம். லாரி ஏறி மூடி நொறுங்கிய அன்றே டீக்கடை ஆறுமுகநயினார் ஒரு கொப்பைச் செருகிவிட்டார். அதன் பிறகு ஆகவேண்டியது ஆகிவிட்டது என்று தெருவே நிம்மதியாக இருந்தது. கொப்பு நிற்கும் குழி எங்களுக்குப் பாதி மூடிய குழி. வெள்ளிக்கிழமைத் தண்ணீர் அந்தக் கொப்பை இழுத்துக்கொண்டு போயிற்று. அது மிதந்து போவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நயினார் கடையிலிருந்து பார்த்தார். செல்லப்பாண்டி தன் ஆட்டோவுக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு பார்த்தான். கொப்பு நின்ற இடத்துக்குத்தான் பரிபூரணம் வந்து சேர்ந்தாள்.

இடது கையில் குடை, வலது கை மேலே. "இங்ஙன வராதீங்க, குழி கெடக்கு, குழி" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூட வேன் விலகிப் போயிற்று, சிலிண்டர் வண்டி விலகிப் போயிற்று, இரண்டு கைகளையும் விட்டுச் சைக்கிள் ஓட்டிவந்த ஒருவன் பதறிப் பிடித்து விலகிப் போனான். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மழை நின்றது. தண்ணீர் வடிந்து குழியின் கறுத்த வாய் தெரிந்தது. மேற்கே தண்ணீர்த் தொட்டிக்கும் செல்போன் கோபுரத்துக்கும் நடுவில் மஞ்சளாக ஒரு வெயில் வந்து, கை தூக்கிய அவள் நிழலை நீளமாகத் தெருவில் கிடத்தியது. இனிக் குழி எல்லோருக்கும் தெரியும் என்றானதும் அவள் கையை இறக்கி, சேலை ஓரத்தைப் பிழிந்து, என் ஜன்னலுக்கு அருகே வந்தாள்.

"குடைக்கம்பி ஒடைஞ்சு போச்சு, அக்கா."

"தலையைத் துவட்டு முதல்ல" என்றேன்.

அவளுக்குப் பின்னால் எதுவும் வரவில்லை என்பதைக் கவனித்தேன். சொல்லவில்லை. நனைந்து நிற்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது, அதற்குள் அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அது அங்கேயே இருந்தது. எங்கள் நிழல்கள் மேற்கே விழுந்த நேரத்தில் அது கிழக்கே கிடந்தது. உச்சியில் எங்கள் நிழல்கள் காலுக்கடியில் சுருண்டபோது அது சுருளவில்லை. மேகம் மூடியபோது மங்கவில்லை. தெருவிளக்கின் கீழும், பனியிலும், சிறு தூறலிலும், குழியின் ஓரத்தில் காலை ஊன்றி, நான்கு விரல் சேர்த்துக் கட்டைவிரல் விலக்கிய ஒரு கையை அது தூக்கியபடி இருந்தது. செல்லப்பாண்டி அதன் மேல் ஆட்டோவை ஏற்ற மனமில்லாமல் ஹாரன் அடித்துப் பார்த்தான்.

"நவுராது போலயே அண்ணாச்சி."

"ஹாரனுக்கு எருமையே நவுராது. நெழலா நவுரும்? சுத்திப் போலே" என்றார் நயினார்.

அவன் சுற்றிப் போனான். அதன் பிறகு எல்லோரும் சுற்றிப் போனார்கள்.

வரும் எதையும் ஏற்றுக்கொள்ளத் தெரிந்த தெரு இது. முதல் வாரம் நாய்கள் வந்து அதில் படுத்தன, அங்கே தரை குளிர்ச்சியாக இருந்ததால். இரண்டாம் வாரம் யாரோ கோலமாவால் அதைச் சுற்றி வரம்பு இழுத்தார்கள். கடிதமும் சாமானும் கொண்டுவருகிறவர்களிடம் "நிழலுக்கு மூணாவது வீடு" என்றே எல்லோரும் வழி சொன்னோம். செல்லப்பாண்டி பேருந்து நிலையத்தில் நின்று "நெழலு ஸ்டாப்பு, நெழலு ஸ்டாப்பு" என்று கூவி சவாரி ஏற்றினான். வேற்றுத் தெருக்காரர்கள் பார்க்க வந்தார்கள், பார்த்துவிட்டு டீ குடித்தார்கள், நயினார் இன்னொரு பெஞ்சு வாங்கிப் போட்டார். குழி அப்படியே இருந்தது. அதில் யாரும் விழவில்லை. விழாத குழியைப் பற்றி யாருக்கும் பேச ஒன்றுமில்லை.

மூன்றாம் வாரம் கவுன்சிலர் பொன்னாடையோடு வந்தார். ஒன்றுதான் கொண்டுவந்திருந்தார். ஆளுக்கா நிழலுக்கா என்று ஒரு நிமிஷம் யோசித்து, "நின்னுக்கிட்டு இருக்கது இதுல்லா" என்று நிழலின் தோளில் விரித்து, காற்று தூக்காமல் இருக்க நான்கு மூலையிலும் நான்கு கல்லை வைத்தார். பரிபூரணம் எங்களோடு சேர்ந்து நின்று கைதட்டினாள். அவள் கைதட்டல் எனக்குக் கேட்டது. ஒரு கை மற்றொரு கையின் மேல் தவறி விழுகிற மாதிரி இருந்தது.

"மூடி எப்பங்க வரும்?" என்று அவரிடம் கேட்டாள்.

"டெண்டர் விட்டாச்சும்மா. அதுவரைக்கும்தான் நீங்க நிக்கீங்கள்ல."

"நான் நிக்கலைங்க. அதுதான் நிக்கிது."

"அதைத்தானே நானும் சொல்லுதேன்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. தானும் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் பெரிய பிளெக்ஸாக எங்கள் தெரு முனையில் ஏறியது. குழி மூடியதும் கழற்றலாம் என்று கட்டியவர்கள் சொன்னார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்து காட்டினார்கள். இதுதான் பொதுநல உணர்வு என்று சொல்லிக்கொடுத்து, ஒரு கட்டுரைப் போட்டி வைத்து, கல்லூரியில் இலக்கியம் படித்தவள் என்பதால் என்னை நடுவராக்கினார்கள். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் பிறர் பேச இணைப்புக் கொடுத்துவிட்டு ஓய்ந்தவள் நான். தெருவில் எனக்கு டெலிபோன் அக்கா என்று பெயர். ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தது: "பொதுநல உணர்வு என்பது நம்முடைய நிழலை ரோட்டில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது." கையெழுத்து நன்றாக இருந்ததால் அதற்கே முதல் பரிசு கொடுத்தேன்.

பரிபூரணத்துக்கு முதலில் மரத்துப்போனது வலது சுண்டுவிரல். கொதிக்கிற சோற்றுப் பானையைத் துணியில்லாமல் இறக்கியபோது தெரிந்தது என்றாள். பிறகு மோதிரவிரல், பிறகு உள்ளங்கை. பிறகு வேற்றுத் தெரு ஆட்டோ ஏதாவது தெரியாமல் நிழலின் மேல் ஏறினால் மட்டும் தோளில் ஏதோ உருள்கிற மாதிரி இருந்ததாம், மற்றபடி ஒன்றுமில்லையாம். இதையெல்லாம் அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், மின்சாரம் போன நேரத்தைச் சொல்வது போல.

ஆனால் அவளுக்கு விரல்தான் பிழைப்பு. ஆஸ்பத்திரிக் கூடத்தில் அவள் ரத்தம் எடுப்பதை மாதாமாதம் சர்க்கரை பார்க்கப் போகிற நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். கண்ணால் நரம்பு தேடமாட்டாள். கண்ணை மூடிக்கொள்வாள். ஆள்காட்டி விரலின் நுனியை நம் முழங்கை மடிப்பில் வைத்து, கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா என்று காது கொடுப்பவள் மாதிரி கொஞ்ச நேரம் இருப்பாள். "இருக்கு" என்பாள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு ஊசி நுழைந்தது நமக்குத் தெரியாது. பிறந்து மூன்று நாளான சிசுவிலும், நரம்பு வற்றிய கிழவர்களிலும், கொழுத்த கைகளிலும் அவள் விரலுக்கு மட்டும் நரம்பு கிடைக்கும். பக்கத்து வார்டுகளிலிருந்து அவளைக் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

கார்த்திகை மாதம் நான் போனபோது அவள் கண்ணை மூடினாள், விரலை வைத்தாள், வெகுநேரம் இருந்தாள், "இருக்கு" என்று சொல்லவில்லை. கண்ணைத் திறந்து, விளக்கை இழுத்து, என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குத்தினாள். இல்லை. மறுபடி குத்தினாள். மூன்றாம் தடவை ரத்தம் வந்தது.

"வலிச்சுட்டோ, அக்கா?"

"இல்லையே" என்றேன்.

மரியாதைக்குச் சொன்னதாக அவள் நினைத்திருப்பாள். உண்மையிலேயே வலிக்கவில்லை. அதைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை.

"அதுக்கு என்னைய வந்து பாக்க நேரமில்ல, அக்கா" என்று அவள் பஞ்சை அழுத்திக்கொண்டே சொன்னாள். "அது வேலையில இருக்கு. குழிய மூடுனாத்தான் அதுக்கு விடுதலை. போய்க் கூப்புட்டும் பாத்துட்டேன். நான் கூப்புட்டா வந்துருமா? நானும்தான் அன்னைக்கு எவரு கூப்புட்டும் வரலையே."

யாரும் கூப்பிடவில்லை, பரிபூரணம், என்று சொல்ல நினைத்தேன். பின்னால் வரிசை நின்றது. எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வாரம் மனு எழுதினோம். எழுதியது நான்தான். எங்கள் ஊரில் மனு என்றால் எடுத்த எடுப்பில் குறை சொல்வதில்லை. முதலில் வணக்கம், அப்புறம் அதிகாரிகளின் நற்பணிக்கு நன்றி, அப்புறம் எல்லாம் நலமாக இருப்பதைச் சொல்லி, கடைசியில், கூச்சத்தோடு, வேண்டியதைக் கேட்பது. அந்த முறைப்படி, நான் படித்த படிப்பையெல்லாம் திரட்டி, அந்த நிழல் வெயிலிலும் மழையிலும் ஓயாமல் நின்று எங்களைக் காப்பதையும், அதன் புண்ணியத்தில் இன்றுவரை ஒரு விபத்தும் நேராததையும் இரண்டு பத்தி எழுதி, மூன்றாம் பத்தியில் மூடி ஒன்று கேட்டேன். நயினார் கடையில் வைத்து வாசித்தபோது எல்லோர் கண்ணும் கலங்கியது. தெருவே கையெழுத்துப் போட்டது. பரிபூரணம் பேனாவைப் பிடிக்க முடியாமல் இடது கையால் போட்டாள்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. மேற்படி இடத்தில் எச்சரிக்கை ஏற்பாடு நிரந்தரமாக உள்ளதாலும், விபத்து ஏதும் நிகழவில்லை என மனுதாரர்களே தெரிவித்துள்ளதாலும், மனு முடித்துவைக்கப்படுகிறது.

அதை அவளிடம் கொடுக்க நான் போகவில்லை, அவள்தான் வந்தாள். மார்கழி முடிய இரண்டு வாரம் இருந்தது. பின்வாசல் வழியாக வந்து, துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, கடிதத்தை வாசித்து, நான்காக மடித்தாள். அவளுக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை அவளுடையது. ஒரு குழந்தைக்கு நான்கு தடவை குத்திவிட்டாள், தாய்க்காரி சத்தம் போட்டாள், நரம்பு பிடிபடாவிட்டால் வருகிற ஒன்றாம் தேதி முதல் வரவேண்டாம் என்று மேலே உள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"அந்தப் பிள்ள கைய நான் பிடிச்சிருந்தேன் அக்கா. பிடிச்சிருக்கேன்னு கண்ணுக்குத்தான் தெரிஞ்சுது" என்றாள். பிறகு உட்கார்ந்திருந்த கல்லை வலது கையால் தடவினாள். "இது குளுந்து இருக்கா?"

நான் கல்லில் கை வைத்தேன். "இருக்கும்" என்றேன்.

அவள் கல்லைப் பார்த்தாள். அதன் நீளத்தை, அகலத்தை, தடிமனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சலவை இயந்திரம் வாங்கிய பிறகு ஒன்பது வருஷமாக அந்தக் கல்லில் ஒரு துணியும் விழவில்லை. துளசித் தொட்டி ஒன்று அதன் மேல் இருந்தது. மூடி நொறுங்கிய அன்றைக்கே, ஜன்னலில் நின்று குழியைப் பார்த்தபோதே, என் கல் அதற்குச் சரியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். நயினாரிடம் பழைய பெயர்ப்பலகையின் இரும்புத் தகடு இருந்தது, அவருக்கும் தெரியும். செல்லப்பாண்டி வீட்டுக் கொல்லையில் தேக்குக் கதவு ஒன்று கிடந்தது, அவனுக்கும் தெரியும். இரண்டரை மாதமாகத் தெருவில் எல்லோரும் தங்களிடம் இருந்ததைச் சொல்லாமல் நிழலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுந்து துளசித் தொட்டியை இறக்கி வைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடப்பாரையால் நெம்பிக் கல்லை நிமிர்த்தி, வாசல் வழியாகத் தெருவுக்குக் கொண்டுவரும்போதே பதினொரு மணி ஆகிவிட்டது. அங்கிருந்து குழிவரை, ஒரு விளிம்பைத் தூக்கி நிறுத்தி மறுபக்கம் சாய்த்து, மறுபடி தூக்கி நிறுத்தி மறுபடி சாய்த்து, எழுபது வயதுக்காரி ஒருத்தியும் ஒரு கை மரத்தவள் ஒருத்தியுமாக அதைப் புரட்டிக்கொண்டு போனோம். ஒவ்வொரு முறை விழும்போதும் தெரு ஒரு தடவை அதிர்ந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு கதவு திறந்தது.

"தங்கச்சி, மூடிட்டா நெழலு போயிரும்லா" என்றார் நயினார், கடையை விட்டு இறங்காமல். "தெனம் பத்து பேரு வாறான் பாக்கதுக்கு."

"அது எனக்குள்ளது அண்ணாச்சி" என்றாள் அவள்.

"யாரு இல்லங்கா? இருந்தாலும் இப்போ ஊருக்குப் பொதுவால்லா ஆயிப்போச்சு."

"டெலிபோன் அக்கா, நகராட்சி போடவேண்டிய மூடிய நாம போட்டா, நாளைக்கு எவனாவது தட்டி விழுந்தான்னா கேசு நம்ம மேலதான், பாத்துக்கிடுங்க" என்றான் செல்லப்பாண்டி. நல்ல மனதோடுதான் சொன்னான். கல் அவன் ஆட்டோவை நெருங்கியபோது ஆட்டோவைத் தள்ளி வழி விட்டான். நயினாரின் புதுப் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து, பெஞ்சைத் தூக்கி நகர்த்தி, கல் போன பிறகு பழைய இடத்தில் போட்டு உட்கார்ந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. யாரும் கை கொடுக்கவில்லை. என்னால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை மழையில் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றவள் நான்.

உச்சிவெயிலில் குழியை அடைந்தோம். பொன்னாடை வெளுத்து நூலாகிக் கிடந்தது, அதை விலக்கினேன். கடைசிப் புரட்டலுக்குக் கல்லை நிமிர்த்தி, அது கோணாமல் விழவேண்டும் என்று பரிபூரணம் கீழ் விளிம்பை வலது கையால் பிடித்துத் திருப்பினாள். கல் சாய்ந்தது. குழியின் வாய் மூடிக்கொண்டது, அதற்காகவே வெட்டிய கல் மாதிரி. அவள் சுண்டுவிரல் அதன் அடியில் இருந்தது.

அவளுக்குத் தெரியவில்லை. விளிம்பிலிருந்து ரத்தம் கசிந்து வருவதை, வேறு யாருடைய ரத்தமோ என்பது போலப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாள்.

அப்போது நிழல் கையை இறக்கியது. நெடுநேரம் தூக்கிய கையை எவரும் இறக்குவது போலத்தான், முதலில் தோள் தளர்ந்து, பிறகு முழங்கை மடங்கி, கடைசியில் விரல்கள் பிரிந்து இறங்கின. கோலமாவு வரம்பைத் தாண்டி அது தரையோடு தரையாக நகர்ந்து, கல்லின் மேல் ஏறி இறங்கி, அவள் பாதத்தைத் தொட்டு, அங்கே உச்சிவேளையின் அளவுக்குச் சிறியதாகச் சுருண்டது.

அவள் அலறினாள்.

அந்த மாதிரி ஒரு சத்தத்தை எங்கள் தெரு கேட்டு வெகுகாலம் ஆகியிருக்கும். நான் கடப்பாரையைச் செருகி என் எடை முழுவதையும் அதன் மேல் போட்டு அழுத்தினேன். கல் ஒரு விரற்கடை எழும்பியது. அவள் கையை உருவிக்கொண்டாள். சுண்டுவிரல் நசுங்கித் தொங்கியது. அவள் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "வலிக்குதுக்கா, வலிக்குது, அக்கா, வலிக்குது" என்று அழுதாள். நெடுநாள் காணாதவர் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுகிற மாதிரி அழுதாள். பிறகு அழுகை அடங்காமலே கண்ணை மூடிக்கொண்டு, ரத்தம் வழிகிற அந்தக் கையின் ஆள்காட்டி விரலை நீட்டி, இடது முழங்கை மடிப்பில் வைத்தாள். தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

"இருக்கு" என்றாள்.

பிறகு செல்லப்பாண்டி, வெறுமையாகிவிட்ட தரையைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ சொல்வது போலச் சொன்னான்: "கீழத்தெருவுலயும் ஒண்ணு தெறந்து கெடக்குக்கா. ரெண்டு மாசமா."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன்.

பரிபூரணம் மூக்கை உறிஞ்சி, முந்தானையை விரலில் சுற்றினாள். "ஒங்க கொல்லையில கதவு ஒண்ணு கெடக்குல்லா பாண்டி? அதத் தூக்கிட்டுப் போ" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடி தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்து ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள், அவள் நிழல் கூடவே போயிற்று.

நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். படியில் ஏறும்போதுதான் பார்த்தேன், என் வலது கட்டைவிரல் நகம் அடியோடு பெயர்ந்து, கடப்பாரைப் பிடி முழுவதும் ரத்தமாக இருந்தது. எந்த இடத்தில் பெயர்ந்தது என்று தெரியவில்லை. விரலை அழுத்திப் பார்த்தேன். பெயர்ந்த இடத்தில் மறு கையின் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

குனிந்து பார்த்தேன். என் நிழல் என் காலடியில்தான் இருந்தது. எழுபது வருஷமாக இருந்த மாதிரியே, ஒரு குறையும் இல்லாமல், முழுசாக இருந்தது.